ஒரு வருஷம் கழித்து என்ன ஆனார்?

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் காலம் தள்ளியவள் நான். ஒரு கேஸ் ஷீட் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். ‘டிஸ்சார்ஜின்போது நிலைமை: ஸ்டேபிள்.’ அவ்வளவுதான். வீட்டுக்குப் போனவர் எழுந்து நடந்தாரா, மறுபடி படுத்தாரா என்பதற்கு எங்கள் அலமாரியில் பதில் கிடையாது.

இது தகாது என்று நூறு வருஷத்துக்கு முன்பே போஸ்டனில் ஒருவர் மல்லுக்கு நின்றார். எர்னஸ்ட் அமோரி காட்மன், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அறுவை மருத்துவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். என்ன தொந்தரவு, என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார். குணமாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும்: கைத்திறன் போதவில்லையா, முடிவெடுத்தது பிசகா, நோயைக் கண்டுபிடித்ததே தப்பா?

பெரிய மருத்துவமனை இசையவில்லை. 1911-இல் சொந்தமாகச் சின்ன மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1916 வரை 337 பேர் சிகிச்சை முடிந்து வெளியேறினார்கள். 123 பிழைகளைப் பதிந்தார். அவற்றைக் கைக்காசில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பினார்.

1915 ஜனவரியில் மருத்துவர்கள் கூட்டத்தில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். மணலுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, டாக்டர்களுக்குப் பொன்முட்டை இடுகிறது. நோயாளிகளாக வரும் பணக்காரப் பேட்டைவாசிகள்தான் அந்தக் கோழி. கூட்டம் கொதித்தது. மருத்துவச் சங்கப் பொறுப்பு போயிற்று, ஹார்வர்ட் ஆசிரியர் வேலையும் போயிற்று. சொந்த மருத்துவமனையும் நிலைக்கவில்லை.

அவர் எண்ணம் மட்டும் சாகவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற சங்கம் 692 மருத்துவமனைகளைச் சோதித்தது, தேறியவை 89. தேறாதவற்றில் பேர்பெற்றவையும் இருந்ததால், 1919-இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் பட்டியலையே எரித்துவிட்டார்கள். ஆனால் 1979-இல் சுவீடன் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு நாடு தழுவிய பதிவேடு தொடங்கியது. எந்த மூட்டு சீக்கிரம் பழுதாகிறது, எங்கே மறு அறுவை அதிகம் என்ற விவரம் மருத்துவமனைகளுக்கே திரும்பிப் போனது. மறு அறுவை குறைந்தது.

2006-இல் மேலாண்மை அறிஞர்களான மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்க்கும் செலவழித்த பணத்துக்கு நோயாளி பெற்ற பலன் என்ன என்று கேட்டு ஒரு நூல் எழுதினார்கள். கேள்வி காட்மனுடையதுதான்; கூடச் சேர்ந்தது பணம். உண்மையைச் சொன்னதற்கு அவர் கைப்பொருளை இழந்தார். பலனைப் பார்த்துக் கூலி கொடுத்தால், மறைக்கிறவருக்குத்தான் நஷ்டம்.

இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில். ஸ்கேன், மருந்து, பில் எல்லாம் நொடியில் திரையில் வந்துவிடும். ஒரு வருஷம் கழித்து என்ன ஆனார் என்ற கட்டம் தானாக நிரம்பாது. யாராவது போன் போட்டு, “மாடிப்படி ஏற முடியுதாம்மா?” என்று கேட்க வேண்டும். அந்த வேலைக்கு ஓர் ஆளைப் போட்டுச் சம்பளமும் கொடுக்கிற மருத்துவமனையைத்தான் நான் நம்புவேன்.