சிலுவை ஏறிய தாலி

பெங்களூரின் பீன்யா பட்டறைகளில் காலை ஷிப்டுக்கு வரும் பெண்கள் ஓவர்கோட்டின் மேல் பொத்தானைப் போடுமுன் தாலிச் சரட்டை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வார்கள். சிலர் ஊக்கும் குத்திக்கொள்வார்கள். சுழலும் இயந்திரத்தின் முன் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. கழற்றி வைத்துவிட்டு வரலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவப் பெண்களும் அப்படித்தான். அவர்கள் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. பக்கத்தில் நிற்கும் கன்னடத் தோழிக்கு அது ‘தாளி’.

தாலி முதலில் குழந்தைகளின் அணி. புலிப்பல் கோத்த தாலியைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்ற ஐந்து படைக்கலங்களின் சிறு உருவங்களைக் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டியது ஐம்படைத்தாலி. தாலியைக் கூடக் களையாத வயதில் போர்க்களம் புகுந்தான் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். ‘தாலி’ என்ற சொல் ‘தால்’ என்ற அடியிலிருந்து வந்தது என்பாரும், பனையைக் குறிக்கும் ‘தாலம்’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வேர் எதுவாயினும் பழைய பொருள் காப்பு. தாய் பிள்ளைக்குக் கட்டியது பின்னாளில் கணவன் மனைவிக்குக் கட்டுவதாயிற்று. ‘கட்டுப்பாடு’ என்ற பொருளை மட்டும் இந்தச் சொல்லில் காண்கிறவர்கள் அந்தத் தாயை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கிறிஸ்தவத்துக்குள் இது சண்டையோடுதான் வந்தது. போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்கள் மூன்றுக்கும் அது பொருந்தும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது. மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் ஆகாது. சிலுவை போன்ற உருவம் பொறித்ததை அணியலாம் என்றது ஆணை. இயேசு சபையினர் மறுப்புத் தெரிவித்தார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போய் 1744இல் பதினான்காம் பெனடிக்டின் ஆணையோடுதான் ஓய்ந்தது. நாற்பது ஆண்டு வாதத்தில் தாலியே வேண்டாம் என்ற முடிவு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லையின் உருவம் மாறியது. சொல் அப்படியே நின்றது.

இன்று பூசையில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுகிறார். மூன்று முடிச்சும் பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கு என்று விளக்கம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் இதுவே ‘மின்னு’. மந்திரகோடி என்னும் மணப்புடவையிலிருந்து உருவிய நூலில் அதைக் கோத்துக் கட்டுவார்கள். புடவையின் இழையே தாலிக் கயிறாகும் அழகை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் திருமணத்தைத் திருமணமாக்குவது இருவரும் வாய்திறந்து சொல்லும் சம்மதம்தான் என்று திருச்சபை கற்பிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் சாட்சிகள் முன் சொல்லும் வாக்கைக் கேட்கிறதே தவிரத் தாலியைக் கேட்கவில்லை. நோயிலும் துன்பத்திலும் கைவிடேன் என்று ஆணும் பெண்ணும் ஒரே சொற்களால் வாக்குக் கொடுக்கிறார்கள். தாலியோ பெண்ணின் கழுத்தில் மட்டும். இந்த நெருடலை மறைக்க எனக்கு மனமில்லை.

நகையே அணியாத பெந்தெகொஸ்தே சபைகளில் தாலியும் இல்லை. அந்தச் சபைப் பெண் ஒருத்தி புதிதாக வீடு கேட்டுப் போகும் இடத்தில், “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று வெறுங்கழுத்தைப் பார்த்துக் கேட்பார்கள். “ஆயிடுச்சு, நாங்க சபைக்குப் போறவங்க” என்று அந்தப் பெண் சொல்வாள். பிள்ளைகளை வளர்த்து, மாமியாரின் கடைசிப் படுக்கை வரை உடனிருந்து பார்த்த பெண்கள் அவர்களிலும் எத்தனையோ பேர்.