வடக்கன்குளம்: செங்கல்லில் கட்டிய சாதி

சாதி மனதில் மட்டும்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவரை வடக்கன்குளத்துக்கு அழைத்துப் போவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள அந்த ஊரின் திருக்குடும்ப ஆலயத்தில் சாதி கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

பழமையான கத்தோலிக்கப் பங்கு அது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரில்தான். அதே ஊரில் வேளாளர்கள் நாடார்களோடு சேர்ந்து உட்கார்ந்து பூசை காண மறுத்தார்கள்.

பழைய கோவிலுக்குப் பதிலாகப் புதியது எழுப்பியபோது, குருக்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை; அதையே கட்டட வரைபடமாக்கினார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள், கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து விரிகின்றன. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடார் உள்ளிட்ட பிறருக்கு. இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1872இல் எழுந்த இந்த ஆலயத்தில் கட்டடக் கலை தீண்டாமைக்குக் கைகட்டிச் சேவகம் செய்தது.

1910இல் கௌசானல் அடிகள் பிரிவினைச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. தனி இடம் எங்கள் உரிமை என்ற அவர்கள் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இதை நம் வெற்றியாகக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிப்போம். மோதிக்கொண்டவர்கள் வேளாளரும், கல்வியாலும் வணிகத்தாலும் எழுந்துவந்த நாடாரும். தலித் மக்களின் இடம் எது என்பது அந்தச் சண்டையின் மையக் கேள்வியாக இருக்கவில்லை. சுவர் விழுந்தது; அந்தக் கேள்வி விழவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்து நின்ற சாதிச்சுவரே அதற்குச் சாட்சி.

இன்று ஊருக்கு ஊர் பழைய கோவிலை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கோபுர உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாம் வரைபடத்தைக் கேட்போம். தேர் எந்தத் தெரு வழியாகப் போகும்? கல்லறைக்கு எத்தனை வாசல்? கட்டடக் குழுவில் நம் தெருவிலிருந்து யார்?

சுவரை எழுப்பிய பிறகு இடிக்க வடக்கன்குளத்தில் 38 ஆண்டுகள் ஆயின. அடித்தளம் தோண்டும்போதே கேட்டுவிடுவது நல்லது.