வர்ணம் மூடாத கோடுகள்

சித்திரப் பாட நேரத்தில் மேசைகளுக்கிடையே நடந்தால் பிள்ளைகள் கொப்பியைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். "பாக்காதீங்க சேர், இன்னும் முடியல்ல" என்பார்கள். முடித்துக் காட்டும்போது முதலில் போட்ட கோடு ஒன்றும் இராது. எல்லாவற்றையும் அழிரப்பர் தின்றிருக்கும்.

இந்தக் கூச்சம் வன்னிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. மைக்கலாஞ்சலோ 1564இல் இறப்பதற்கு முன் தமது வரைவுகள் பலவற்றைத் தீயிலிட்டார் என்று அவரது வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். தாம் பட்ட பாட்டைப் பிறர் காணக்கூடாது என்பது அவர் எண்ணமாம்.

முகலாயர் ஓவியக்கூடங்களில் முதற்கோடு மறைவது தொழிலின் முறையாகவே இருந்தது. அக்பரின் கூடத்தில் 'தர்ஹ்' எனப்படும் வரைவைப் பெரும்பாலும் மூத்த ஓவியர் போடுவார். இன்னொருவர் வர்ணமிடுவார். முக்கிய முகங்களைச் சிலவேளை மூன்றாமவர் தீட்டுவார். வரைவின் மேல் வெள்ளைப் பூச்சு மெல்லியதாய்ப் படியும். அதன்மேல் மீண்டும் கோடு, பிறகு வர்ணம். அக்பர்நாமாப் பக்கங்களின் ஓரத்தில் அவர்களுடைய பெயர்கள் குறிக்கப்பட்டன. ஆசானின் பெயர் மிஞ்சியது. அவருடைய முதற்கோடு பூச்சுக்கடியில் போனது.

தப்பிப் பிழைத்த வரைவு ஒன்று உண்டு. 1618இல் ஜஹாங்கீரின் அவையைச் சேர்ந்த இனாயத் கான், அபினாலும் மதுவாலும் உடல் உருகிய நிலையில், ஆக்ரா செல்ல விடை கேட்டு மன்னர் முன் கொண்டுவரப்பட்டார். எலும்பின் மேல் தோல் போர்த்தியது போன்ற அந்த உருவைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னார். தமது நினைவுக் குறிப்பிலும் அதை எழுதிவைத்தார். விரைவிலேயே இனாயத் கான் மௌத்தானார்.

இரண்டு படங்கள் எஞ்சின. வர்ணம் தீட்டியது ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது; மைக்கோட்டு வரைவு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். வர்ணப் படத்தில் திண்டும் விரிப்பும் சுவரும் நம் கண்ணைப் பங்குபோடுகின்றன. வரைவிலோ விலாவெலும்பு தெரியும் மார்பையும் ஒட்டிய கன்னத்தையும் விட்டுக் கண் நகராது. இருவருக்கும் நேரம் குறைவு என்பது கோட்டிலேயே தெரிகிறது.

இதன் மதிப்பை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். சபவி இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காகத் தோஸ்த் முஹம்மத் 1544–45இல் தொகுத்த முரக்கா இன்று இஸ்தான்புல்லின் தொப்காப்பி அரண்மனையில் உள்ளது. முடிந்த ஓவியங்களோடு வெறும் கோட்டு வரைவுகளும் அதில் மரியாதையோடு ஒட்டப்பட்டுள்ளன.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. பல வருடங்களின் பின் வாப்பா எங்கள் வளவைக் கொப்பித் தாளொன்றில் வரைந்திருக்கிறார். அவர் மௌத்தான பிறகே அது எங்கள் கைக்கு வந்தது. கிணறு இருக்கிறது. வேம்பு பாதி. வாசற்பக்கம் கோடு நின்றுவிட்டது. சரியாக வரவில்லை என்று எண்ணி மடித்துவைத்தாரோ என்னவோ. அந்த வீட்டுக்கு எங்களிடம் வேறு படம் இல்லை.

நம்மில் பலரிடம் இப்படி மடித்த தாள்கள் இருக்கும். முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் பார்க்க எடுத்துவையுங்கள்.