அம்பாறைக் கரையோரத்தில் சேதன விவசாயமும் உணவு நீதியும்

இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் இல்லாமல் பயிர் செய்வதை இலங்கைத் தமிழில் சேதன விவசாயம் என்கிறோம். சேதன விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் 2005இல் இதற்கு நான்கு அடிப்படைகளை வகுத்தது: ஆரோக்கியம், சூழல், நியாயம், அக்கறை. மூன்றாவதான நியாயம்தான் மேடைகளில் குறைவாகப் பேசப்படுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் கரையோரத்திலும், உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையிலும் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் விவசாயிகளுக்கோ அதுவே முதற்கேள்வி. பசளையை மாற்றும்போது வரும் நட்டத்தை யார் சுமப்பது?

இந்த ஊர்களின் வயல்வெளிகள் பெரும்பாலும் கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்களை நம்பியிருக்கின்றன. 1949இல் தொடங்கிய அத்திட்டம் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமானது. வாய்க்காலின் தலைப்பக்கத்தில் சிங்களக் குடியேற்றங்கள், கடைமடையில் தமிழ் பேசும் ஊர்கள். தண்ணீர் குறைந்த போகத்தில் கடைமடைக்காரர் காய்ந்துபோவது வழக்கமாக இருந்தது. 1981இல் இடதுகரையில் விவசாயக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணீரே இருந்தபோதும், தலைப்பக்கத்து விவசாயிகள் வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, முறை வைத்துக் கடைமடைக்கும் நீர் விட்டார்கள். அம்முயற்சியில் பங்கெடுத்த அமெரிக்க ஆய்வாளர் நோர்மன் அப்ஹொஃப் பிற்பாடு, மடகாஸ்கரில் உருவான செம்மை நெற்சாகுபடி முறையை உலகெங்கும் கொண்டுசென்றவர். இப்பகுதியின் வேளாண்மை வரலாற்றில் அந்த நீர்ப் பகிர்வைவிட நம்பிக்கை தரும் நிகழ்வு வேறில்லை என்று சொல்லலாம்.

நிலத்தின் கதை அவ்வளவு நேரானதல்ல. பெருநிலம் வைத்திருக்கும் போடியார், குத்தகைக்குச் செய்பவர், நாட்கூலிக்கு இறங்குபவர் என்று வட்டை எனப்படும் ஒரே வயல்தொகுதிக்குள் பல படிகள் உண்டு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியைக் காக்க முயன்றது. கிழக்கின் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதால் வீடும், சில குடும்பங்களில் வயலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. காணி உறுதி பெண் பெயரில் இருந்தாலும் கமநல சேவை நிலையத்துக் கூட்டங்களில் உட்காருவது பெரும்பாலும் ஆண்தான். எந்த விதை, எந்தப் பசளை என்ற முடிவில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லையென்றால், சேதன விவசாயம் வந்தாலும் பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும்.

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி இரசாயனப் பசளை, பூச்சிநாசினி இறக்குமதியைத் தடைசெய்தது. ஆட்சிக்கு வந்தவர்கள் 2019 தேர்தலில், பத்தாண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவதாகச் சொன்னது ஒரே இரவில் சட்டமானது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நாட்டின் பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னிலிருந்து 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாக அதிகாரிகள் அறிவித்துச் சரக்கை மறுத்தார்கள். ஆனாலும் 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. கையில் காசுள்ளவர் கறுப்புச் சந்தையில் யூரியா வாங்கிச் சமாளித்தார். குத்தகைக்காரருக்கு அந்த வழியும் இல்லை.

பிழை எங்கே என்பதைக் கணக்கே காட்டும். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நைதரசன் ஒன்றரை வீதம் என்று வைத்தால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதுவும் பயிருக்கு மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். அவ்வளவு எருவுக்கு மாடும் தழையும் வேண்டும். கிளிசரியா போன்ற தழை மரங்களை வரம்பிலும் வேலியிலும் வளர்த்தெடுக்கவே சில ஆண்டுகள் ஆகும். மேலும் அம்பாறையில் நாற்று நடுவது அரிது. விதைத்து விடுவதே வழக்கம். வரிசை இல்லாத வயலில் களை பிடுங்குவது பெருங்கூலி வேலை. பன்றி நெல் என்னும் களையும் அறக்கொட்டியான் என்னும் பூச்சியும் காத்திருக்கும் வயலில், களைநாசினியையும் பூச்சிநாசினியையும் ஒரே போகத்தில் கைவிடச் சொன்னது விவசாயியின் தலையில் முழுப் பாரத்தையும் இறக்கியதற்குச் சமம்.

எருவுக்கு மாடு வேண்டுமென்றால் மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். அது இங்கே பெரும் பிணக்காக இருக்கிறது. அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் மேற்கேயுள்ள வட்டமடுவைத் தங்கள் மேய்ச்சல் தரை என்கிறார்கள் தமிழ்க் கால்நடை வளர்ப்போர். காலங்காலமாகச் செய்த வயல் என்கிறார்கள் முஸ்லிம் விவசாயிகள். காடு என்கிறது வன இலாகா. அறுவடைக்குப் பின் வயலில் மாடு கட்டினால் சாணமும் சலமும் மண்ணுக்கே திரும்பும். இரு தரப்புக்கும் ஆதாயமான இந்த ஏற்பாடு பிணக்கு தீராமல் பெரிய அளவில் நடக்க வழியில்லை.

இன்னொரு பசளை ஊற்று பட்டணங்களின் குப்பை. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய இடங்களின் கழிவு ஒலுவிலுக்கு அருகே அஷ்ரப் நகர்ப் பக்கம் காட்டோரத்தில் கொட்டப்பட்டு வந்தது. அங்கே யானைகள் பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் தின்னும் படங்கள் 2020இல் உலகெங்கும் பரவின. சந்தையின் மரக்கறிக் கழிவும் வீட்டுச் சமையல் கழிவும் ஊரிலேயே தரம் பிரிக்கப்பட்டால் அவை வயலுக்கு எருவாகப் போகும். இதைச் செய்ய வேண்டியவை உள்ளூராட்சி சபைகளே.

சந்தையும் எளிதல்ல. மூன்றாம் தரப்பு வழங்கும் சேதனச் சான்றிதழ் ஏற்றுமதியாளருக்கு ஏற்றது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு அதன் செலவே பெரிது. விவசாயிகளும் நுகர்வோரும் வயல்களை நேரில் பார்த்து உறுதிசெய்யும் பங்கேற்பு உத்தரவாத முறைதான் இங்கே பொருந்தும். அறுவடைக் கையோடு கடனுக்காக ஈர நெல்லை விற்பவரிடம் பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய நெல்லுக்கு நல்ல விலை உண்டென்று சொல்லிப் பயனில்லை. உலர்த்தவும் சேமிக்கவும் இடமும், அதுவரை தாங்கக் கைக்காசும் வேண்டும்.

அந்தக் காசுக்கு ஒரு வழி ஊருக்குள்ளேயே உண்டு. விளைச்சல் உரிய அளவை எட்டினால் மழையை நம்பிய வயலில் பத்திலொரு பங்கும், உழைத்தோ செலவழித்தோ நீர் பாய்ச்சிய வயலில் இருபதிலொரு பங்கும் ஸகாத்தாகக் கொடுக்க வேண்டும் என்பது இஸ்லாமிய விதி. கரையோர ஊர்களில் பள்ளிவாசல்கள் வழியாகவும் ஸகாத் திரட்டப்படுகிறது. அதைப் பெற உரிய எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் அடங்குவர். மண் தேறும் வரையான போகங்களில் விளைச்சல் குறைந்து கடனில் விழும் குத்தகை விவசாயி அந்தப் பிரிவுக்குள்தான் வருகிறார்.