மறக்கச் சொன்னவர்களும் நினைக்கச் சொன்ன ஒருவரும்

1917-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில், ராயல் மருத்துவக் கழகத்தின் கூட்டமொன்றில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். போர் அனுபவத்தை மனத்துக்குள் அடக்கி வைப்பதனால் நேரும் கேடு அதன் பொருள். அடுத்த பிப்ரவரியில் அது 'லான்செட்' இதழில் அச்சாயிற்று. மருத்துவ இதழொன்றின் சில பக்கங்கள்தாம். எனினும் துயரத்தை மனிதன் கையாளும் விதம் குறித்து அந்தப் போர்க்காலம் விட்டுச்சென்ற எழுத்துகளுள் இத்தனை நேர்மையானதை நாம் அதிகம் கண்டதில்லை.

முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளிலிருந்து பேச்சிழந்தும், கைகால் நடுங்கியும், உறக்கமற்றும் திரும்பியவர்களுக்கு 'ஷெல் ஷாக்' என்று பெயரிடப்பட்டது. சார்ல்ஸ் மையர்ஸ் 1915-இல் அச்சொல்லை மருத்துவ எழுத்தில் கொண்டுவந்தார். பெயர் கிடைத்ததே தவிர, பரிகாரம் கிடைக்கவில்லை. 'அதை நினைக்காதே, பேசாதே, அழகான காட்சிகளை எண்ணிக்கொள்' என்பதே உற்றாரும் மருத்துவர்களும் ஒருமுகமாகச் சொன்ன அறிவுரை. எடின்பரோ நகருக்கருகே, முன்பு நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்து 1916-இல் படை அதிகாரிகளுக்கான மருத்துவமனையாக மாறிய கிரெய்க்லாக்கார்ட்டில் ரிவர்ஸ் கண்டது இந்த அறிவுரையின் விளைவைத்தான். பகலெல்லாம் விளையாட்டிலும் சீட்டாட்டத்திலும் தம்மை மும்முரமாக ஈடுபடுத்திக்கொண்டவர்கள், விளக்கணைந்ததும் போர்முனைக்கே மீண்டார்கள். பகலில் எவ்வளவு வலிந்து துரத்தினார்களோ, இரவில் அவ்வளவு உக்கிரமாக அது வந்தது.

அவர் விவரிக்கும் நோயாளி ஒருவர், நண்பனைத் தேடிச் சென்று, குண்டுவெடிப்பில் தலையும் உறுப்புகளும் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர். ஒவ்வோர் இரவும் அவ்வுடல் கனவில் வந்தது. மறந்துவிடு என்று ரிவர்ஸ் சொல்லவில்லை. உடல் அவ்வளவு சிதைந்திருப்பதே, நண்பன் நொடியில் இறந்திருக்க வேண்டும் என்பதற்கும், நெடுநேரம் வலியில் துடிக்கவில்லை என்பதற்கும் சான்றல்லவா என்று கேட்டார். அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு நினைவை இனி நேரில் பார்க்கும்படி அறிவுறுத்தினார். சில இரவுகள் கனவே வரவில்லை. பின்னர் வந்த கனவில், அந்த அதிகாரி நண்பனின் உடலருகே மண்டியிட்டு, உறவினர்க்குச் சேர்ப்பிக்க வேண்டிய பொருள்களை எடுக்கிறார். இடைவாரைக் கழற்றும்போது விழிப்பு வருகிறது. அலறி எழவில்லை, மெல்ல அழுதுகொண்டிருந்தார். பீதி இருந்த இடத்தில் துக்கம் வந்திருந்தது.

இந்த மாற்றமே ரிவர்ஸ் தேடியது என்று நாம் கருதுகிறோம். அவர் துயரத்தை அகற்ற முற்படவில்லை. ஓயாமல் அதையே அசைபோடுவதும் மறு எல்லையிலுள்ள கேடு என்று எச்சரித்தார்.

நமக்கு இவரிடம் வேறொரு தொடர்பும் உண்டு. 1901-02-இல் நீலகிரியில் தங்கித் தோடர்களிடையே ஆய்ந்து, 1906-இல் 'தோடர்கள்' என்னும் பெருநூலை வெளியிட்டவர் இவரே. தோடர்களின் இரட்டை இறுதிச் சடங்கை அந்நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. முதலில் எரியூட்டும் 'பச்சைச்' சடங்கு. பின்னர் எடுத்துவைத்த தலைமயிர் முதலிய எச்சங்களைக் கொண்டு, சில காலம் கழித்து நிகழும் 'உலர்' சடங்கு. துக்கத்திற்கு வந்தவர்கள் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி வைத்து அழுவர். தோள்பிணைத்து அமர்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்களை ஊர்களில் கண்ட நமக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை. நீலகிரியிலிருந்துதான் ரிவர்ஸ் தம் சிகிச்சையைப் பெற்றார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அழுகைக்கு இடமும் நாளும் ஒதுக்கி, அதை இரண்டாம் முறையும் கூடி அழும் மக்களை அருகிருந்து பார்த்த ஒருவர், அழுகையை வெட்கமாகக் கருதிய படையினரிடையே பின்னர் அமர்ந்திருந்தார் என்பது எண்ணத்தக்கது.

கிரெய்க்லாக்கார்ட்டில் கிடைத்த செவி எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. லண்டனின் குவீன் ஸ்குவேர் மருத்துவமனையில் லூயிஸ் யெலாண்ட், பேச்சிழந்த 24 வயதுச் சாதாரணச் சிப்பாய் ஒருவரை அறையில் பூட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, பேசும்வரை வெளியேற முடியாதென்று சொல்லிச் சுமார் நான்கு மணி நேரத்தில் பேச வைத்தார். அதை வெற்றியாக 1918-இல் தம் நூலில் பதித்தார். அந்தச் சிப்பாய் எதைக் கண்டு வாய் மூடினார் என்பதை அறியும் நாட்டம் அப்பக்கங்களில் நமக்குத் தென்படவில்லை. அதிகாரிக்கு உரையாடல், சிப்பாய்க்கு மின்கம்பி என்று எல்லா இடத்திலும் கோடு கிழித்ததுபோல் இருந்ததில்லை. ஆனாலும் வர்க்கம் சிகிச்சையைத் தீர்மானித்ததை மறைப்பதற்கில்லை.

ரிவர்ஸின் வழியிலும் ஒரு முள் உண்டு. குணமாவது என்றால் மீண்டும் போர்முனைக்குத் தகுதியாவது என்றே பொருள். போரைத் தொடர்வதை எதிர்த்து 1917 ஜூலையில் அறிக்கை விடுத்துக் கிரெய்க்லாக்கார்ட்டுக்கு அனுப்பப்பட்ட கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் அவரது நோயாளி. அங்கேயே ஆர்தர் பிராக் என்னும் மருத்துவரிடம், வேலையையே மருந்தாகக் கொள்ளும் முறையில் சிகிச்சை பெற்று, மருத்துவமனை இதழான 'ஹைட்ரா'வுக்கு ஆசிரியராக இருந்தவர் வில்ஃப்ரெட் ஓவன். இருவரும் பிரான்சுக்குத் திரும்பினர். சசூன் தலையில் காயம்பட்டுப் பிழைத்து 1967 வரை வாழ்ந்தார். ஓவன் 1918 நவம்பர் 4-இல், போர் நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு கொல்லப்பட்டார். நோயாளியை மாற்ற வந்த தாமே நோயாளியின் கருத்துக்கு மாறிவிட்டால் என்னாகும் என்ற சங்கடம் தம்மை உறுத்தியதை ரிவர்ஸ் மறைக்கவில்லை. 1922-இல் அவர் மறைந்த பின் வெளிவந்த கனவுகள் பற்றிய நூலில் அது பதிவாகியிருக்கிறது.

அந்த 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு நோயாளியும் வருகிறார். குண்டு வெடித்துத் தூக்கி எறியப்பட்டு, அழுகி ஊதிய பிணமொன்றின் மீது முகம் பதிய விழுந்தவர். வாயில் நிறைந்த அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விடவேயில்லை. இந்த நினைவில் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு நல்ல இழையை ரிவர்ஸ் தேடினார். கிடைக்கவில்லை, கிடைத்ததாகப் பாவனையும் செய்யவில்லை. படையை விட்டு விலகி, முன்பு தமக்குச் சற்றே ஆறுதல் தந்த நாட்டுப்புற வாழ்வைத் தேடிச் செல்வதே அவருக்கு ஏற்றது என்று முடிவாயிற்று.