திருகின் ஆட்டம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை முதன்முதலாகக் கையில் எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். "தலையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போய் அளவெடு. தாண்டிவிட்டால் அப்படியே திரும்பி வராதே; நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வா" என்று ஆசிரியர் எச்சரித்திருப்பார். நாமும் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம். எனக்கு அது மீண்டும் நினைவுக்கு வந்தது திருவாதவூரில், ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில்.

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாதவூரை மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றுதான் எல்லோரும் அறிவார்கள். அங்கே என் தங்கை மகன் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிறிய சி.என்.சி. இயந்திரத்தைத் தானே பூட்டி வைத்திருக்கிறான். கணினி எண்களைச் சொல்ல, அந்த எண்களின்படி வெட்டுளியை நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அச்சுகளில் நகர்த்தி மரத்தைச் செதுக்கும் இயந்திரம் அது. பெயர்ப்பலகைகளும் கதவுப் பலகைகளும் செய்து கொடுக்கிறான். நான் போன அன்று அவன் முகம் வாடியிருந்தது. புதுமனை புகுவிழா ஒன்றுக்காகச் செதுக்கிய தேக்குப் பலகை பாழாகியிருந்தது. தாமரைக்குச் சுற்றிலும் வரவேண்டிய வட்டம் வட்டமாக இல்லை. நான்கு இடங்களில் சிறு தட்டை விழுந்திருந்தது. போதாததற்கு, கடைசியாக வெட்டிய கரைக்கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை.

"மோட்டாரை மாத்திப் பார்த்துட்டேன் மாமா, ஒயரையும் மாத்திட்டேன். அப்படியேதான் இருக்கு. ஒரு நாள் சரியா வருது, ஒரு நாள் வரலே" என்றான்.

அந்தக் கொட்டகையில் நடந்ததைச் சொல்லுமுன் திருகின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அவனுடைய தொல்லை இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய தொல்லை. அதைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் நம் ஆர்க்காட்டுக்காரர் ஒருவரும் உண்டு.

சுழற்சியை நேர்நகர்ச்சியாக மாற்றித் தருவது திருகின் வேலை. ஒரு சுற்றுக்கு நட்டு எவ்வளவு நகர்கிறதோ அதுவே புரியிடைத் தூரம். அது 1 மி.மீ. என்றால், நூறில் ஒரு பங்கு சுற்றுக்கு 0.01 மி.மீ. நகர்ச்சி கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தைக் கையால் அளந்து கொடுக்கும் இந்த வித்தையை லண்டன் கருவிக் கலைஞர் ஜெசி ராம்ஸ்டன் 1770களில் உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய கோடிடும் இயந்திரத்தில் 2,160 பற்கள் கொண்ட ஒரு பெரிய சக்கரமும், அதன் விளிம்பைத் தொட்டுச் சுழலும் ஒரு திருகும் இருந்தன. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு. கப்பல்களுக்கான கோணமானிகளில் பாகைக் கோடுகள் இடுவதை இது எளிதாக்கியது. ஆனால் அந்தத் திருகே பிழையாக இருந்தால்? அதைக் கொண்டு இட்ட ஒவ்வொரு கோட்டிலும் அந்தப் பிழை குடியேறிவிடும்.

திருகைத் திருத்தமாக வெட்டும் லேத்தை 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. வானியல் அளவுகோல்களைக் கோடிட அவர் செய்த ஒரு திருகு 5 அடி நீளம், அங்குலத்திற்கு 50 புரிகள். அதன் நட்டு மட்டும் 12 அங்குல நீளம், 600 புரிகள்! நட்டு ஏன் இவ்வளவு நீளம்? ஒரு புரியில் சிறு பிழை இருந்தாலும் மற்ற 599 புரிகள் அதற்கு இடங்கொடாமல் நட்டைப் பிடித்துக்கொள்ளும். பிழைகள் ஒன்றையொன்று சராசரியாக்கிவிடுகின்றன. மாட்ஸ்லேயின் பட்டறையில் எந்த அளவு வழக்கையும் முடிவாகத் தீர்த்து வைத்தது ஒரு திருகு அளவி. அதற்கு 'லார்டு சான்சலர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இத்தகைய லண்டன் கருவி ஒன்று நம் ஊரில் பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தென்னிந்திய நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், வில்லியம் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட்டை வைத்திருந்தார். கோணம் அளக்கும் கருவி அது. கிடைவட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம், எடை ஏறத்தாழ அரை டன். தஞ்சைச் சமவெளியில் மலை இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. ஆகவே 1808இல் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் கருவியை ஏற்ற முனைந்தார்கள். கருவி சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் போய் மோதியது. அடி விழுந்த இடம், வட்டத்தை நுண்ணியதாக நகர்த்தும் தொடுதிருகும் அதன் பிடியும். வட்டம் வட்டமாக இல்லாமல் போயிற்று.

வேறொருவராக இருந்தால் கருவியைக் கப்பலேற்றியிருப்பார். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். பெரிய பலகை ஒன்றில் தமக்கு வேண்டிய அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக அந்த வட்டத்துக்கு இழுத்துப் பொருத்தினார். வளைந்த ஆரைக்கால்களை மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய வடிவுக்கு வந்துவிட்டது. இந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு முறை நெளிந்த வட்டத்தை நம்புவதற்கு ஒரே வழி, ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதுதான்.

அந்தத் தியோடலைட் 1830களில் கல்கத்தாவில் புதுப்பிக்கப்பட்டது. அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவிக் கலைஞரை அழைத்து வந்திருந்தார். அந்தப் பட்டறையில் இருந்த சையது மீர் மோசின் உசேன் ஆர்க்காட்டைச் சேர்ந்தவர். 1824இல் அளவைத் துறைக்கு வந்தவர். பெரிய வானியல் கருவிகளின் வட்டங்களில் மறுபடி கோடிடும் வேலை வந்தபோது எவரெஸ்ட் நம்பியது இவரைத்தான். பாரோ விலகிய பின், 1843இல் துறையின் கருவிக் கலைஞர் பதவியும் இவருக்கே கிடைத்தது. எவரெஸ்டின் பெயர் சிகரத்தில் நிற்கிறது. ஆர்க்காட்டுக் கலைஞரின் பெயர் நம் பாடநூல்களில்கூட இல்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

திருகின் பிழை எப்படியெல்லாம் வேடமிடும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் இருந்த ஹென்றி ரோலண்ட். ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணிகளை 1882இல் அவர் வெளியிட்டார். அவற்றில் அங்குலத்திற்கு 14,438 கோடுகள். அதாவது, ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.00176 மி.மீ. வைரமுனையை ஒவ்வொரு கோட்டுக்கும் நகர்த்தியது ஒரு திருகுதான். அந்தத் திருகை அவர் செய்த விதம் பொறுமைக்கு ஓர் இலக்கணம். நீளமான பிளந்த நட்டு ஒன்றைத் திருகின்மேல் மாட்டி, எமரித் தூளிட்டு முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நட்டைத் தலைகீழாக மாற்றிப் போட வேண்டும். இப்படி இரண்டு வாரம்! வெப்பத்தால் உலோகம் நீளக்கூடாது என்பதால் இது தண்ணீருக்குள்ளே நடக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு பிழை தப்பிவிடும். திருகு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது முந்தியும் சிறிது பிந்தியும் போனால், கீற்றணியின் கோடுகளிலும் அதே நெருக்கமும் விலகலும் சுற்றுக்கொரு முறை பதிந்துவிடும். அப்போது நிறமாலையில் ஒவ்வோர் உண்மைக் கோட்டுக்கும் இருபுறமும் இல்லாத கோடுகள் தோன்றும். இவற்றை விஞ்ஞானிகள் 'பேய்கள்' என்றே அழைத்தார்கள். ஆனால் பேயின் இடைவெளியை அளந்தால் அது எந்தத் திருகின் பேய் என்று சொல்லிவிடலாம்.

இது எங்கோ நடந்த சங்கதி அன்று. மதுரைக்காரர்கள் கோடையில் ஏறிப்போகும் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால், நிறமாலைக் கோடு தன் அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் நகர்கிறது. அந்தப் பெயர்ச்சியைச் சூரியனின் வேலை என்று துணிந்து சொல்ல வேண்டுமானால், கீற்றணியைக் கோடிட்ட திருகின்மேல் அவ்வளவு நம்பிக்கை வேண்டும்.

எண்களால் இயந்திரத்தை நகர்த்தும் காலம் 1952இல் வந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் திருத்தமாக வெட்ட விரும்பிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து வளர்ந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அந்த ஆண்டு செப்டம்பரில் காட்டப்பட்ட மூன்று அச்சு இயந்திரம் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டியது. அதில் ஒரு சிறப்பு உண்டு: அச்சு உண்மையில் எங்கே இருக்கிறது என்று அளந்து திருப்பிச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. சொன்ன இடமும் நின்ற இடமும் வேறானால் இயந்திரம் தன்னையே திருத்திக்கொள்ளும்.

நம் கொட்டகை இயந்திரங்களில் பெரும்பாலும் இல்லாதது இதுதான். அவற்றை ஓட்டுவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு மின்துடிப்பு அனுப்பினால் ஒரு படி திரும்பும். 200 படிகள் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. மலிவானது, எளிதானது. 2009இல் சின்னஞ்சிறு ஆர்டுவினோ பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு, வீட்டில் சி.என்.சி. செய்வது மாணவர்களுக்கும் எட்டும் காரியமாயிற்று. ஆனால் கணினி துடிப்புகளை எண்ணி அனுப்புகிறதே தவிர, மோட்டார் அவற்றைக் கேட்டு நகர்ந்ததா என்று பார்ப்பதில்லை. கடிதம் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று இருந்துவிடுகிறது.

இனி திருவாதவூர்க் கொட்டகைக்கு வருவோம். நான் முதலில் கேட்டது ஒரு டயல் கேஜ். மேசையின் ஓரத்தில் அதை நிறுத்தி, அச்சை இடப்புறமிருந்து 50 மி.மீ. புள்ளிக்கு வரச் சொன்னோம். பிறகு அதே புள்ளிக்கு வலப்புறமிருந்து. இரண்டுக்கும் 0.18 மி.மீ. வித்தியாசம். பத்து முறை செய்தோம். பத்து முறையும் அதே 0.18. கூடவுமில்லை, குறையவுமில்லை. இது ஆட்டம், பட்டறைகளில் 'ப்ளே' என்றும் 'பேக்லாஷ்' என்றும் சொல்வார்கள். திருகின் புரி, நட்டின் புரியினுடைய ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தைத் தொடுவதற்குள் வீணாகும் சுழற்சி. வட்டம் வெட்டும்போது ஒவ்வோர் அச்சும் இரண்டு இடங்களில் திசை மாறுகிறது. ஆக இரண்டு அச்சுகளுக்கும் சேர்த்து நான்கு இடம். தாமரை வட்டத்தின் நான்கு தட்டைகளும் அங்கேதான் இருந்தன. பள்ளி ஆசிரியரின் எச்சரிக்கையும் இதையேதான் சொன்னது.

ஆட்டம் நட்டில்தான் இருக்கும் என்று அவன் உறுதியாக நம்பினான். திருகின் முனையைக் கையால் பிடித்து இழுத்தபோது திருகே முன்னும் பின்னும் அசைந்தது. பேரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நட்டு தளர்ந்திருந்தது. நட்டுக்கு நட்டே பழி! இறுக்கியதும் 0.18 என்பது 0.04 ஆயிற்று. மற்ற அச்சிலும் அதே கதைதான்.

கரைக்கோடு சேராததற்குக் காரணம் வேறு. நீள அச்சை மெதுவாக நூறு முறை ஓட்டினால் பிழை இல்லை. வேகமாக ஓட்டினால் சில வேளை 0.1 மி.மீ. விலகும், சில வேளை 0.2, ஒரு முறை 0.3. இந்த எண்களே காரணத்தைச் சொல்லிவிட்டன. அந்த மோட்டாரின் சுழலியில் 50 பற்கள். சுமை தாங்காமல் பிடி நழுவினால் சுழலி அடுத்த பல்லில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு சுற்று நழுவும். அவனுடைய திருகு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிறது. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1! ஆட்டத்தால் வந்த பிழையானால் கூடிக்கொண்டே போகாது. அளவுக் கணக்கில் தவறு இருந்தால் தூரத்துக்கேற்பப் பெருகும். திருகின் சுற்றுப் பிழை, ரோலண்டின் பேய் போல, 5 மி.மீ.க்கு ஒரு முறை தலைகாட்டும். பத்தில் ஒன்றாகத் தாவித் தாவி, போகப் போகச் சேர்ந்துகொண்டே வருவது நழுவிய மோட்டார்தான்.

ஏன் நழுவியது? மோட்டாரைக் கழற்றிவிட்டுத் திருகைக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் இறுகியது. அவன் தினமும் வேலை செய்யும் பகுதியில் தேக்குத் தூளும் எண்ணெயும் சேர்ந்து புரிகளுக்கிடையே பிசினாகப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வேகம் ஏறும் வீதத்தையும் பாதியாகக் குறைத்தோம். புது மோட்டார் வாங்கிய பணம் வீண்.

"மிச்சமிருக்கிற ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்லயே கணக்குல சேர்த்துரலாமே மாமா?" என்றான். சேர்க்கலாம், அதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உளி மரத்தைக் கடிக்கும்போது அந்த ஆட்டத்துக்குள் மேசையை இழுத்துப் பறிக்கும். எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

மறு வாரம் புதுப் பலகை வெட்டி அனுப்பிவிட்டான். கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் மூன்று அச்சுக்கும் இடமிருந்தும் வலமிருந்தும் டயல் கேஜ் காட்டும் அளவுகளை எழுதி வருகிறான். கடைசியாகப் போனபோது அகல அச்சுக்கு நேரே 0.04 என்பது 0.06 ஆகியிருந்தது. நட்டைக் கழற்றப் பெஞ்சின்மேல் துணி விரித்துக்கொண்டிருந்தான்.