ஏ.கே. செட்டியாரின் காந்தி ஆவணப்படம்

ஏ.கே. செட்டியார் (1911–1983) பயண எழுத்தாளர், இதழாசிரியர், ஆவணப்பட இயக்குநர். முழுப்பெயர் அ. கருப்பன் செட்டியார். காந்தியின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக முதலில் தொகுத்தவர் இவரே. அந்தப் படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது.

செட்டிநாட்டின் கோட்டையூரில் பிறந்த செட்டியார், இளமையில் பர்மாவுக்குச் சென்று ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார். இதழியல், பயணம், ஒளிப்படம் ஆகிய மூன்றிலும் பெற்ற பயிற்சி அவரை ஆவணப்படத்துக்குக் கொண்டுசேர்த்தது. 1937 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள். செட்டியாருக்கு அப்போது 26 வயதுகூட நிறையவில்லை.

தேடலே படைப்பு

காந்தியின் பொதுவாழ்வின் முக்கியமான நிகழ்வுகள் பலவும் அதற்குள் நடந்து முடிந்துவிட்டன. அவற்றை மீண்டும் படமெடுக்க முடியாது. நடிகர்களைக் கொண்டு நடித்துக்காட்டினால் அது ஆவணமாகாது. ஆனால் 1930 தண்டி யாத்திரை, 1931 லண்டன் வட்டமேசை மாநாடு போன்ற நிகழ்வுகளைப் பல நாட்டுச் செய்திப்படக் குழுவினர் பதிவு செய்திருந்தனர். அந்தச் சுருள்கள் வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடந்தன. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. நாளடைவில் தானாகவும் சிதையும். செய்தி பழையதானதும் அதைப் பேணுவதற்கு வணிகக் காரணம் எதுவும் இருக்கவில்லை. தாமதித்தால் காந்தியின் அசையும் உருவமே வருங்காலத்துக்குக் கிடைக்காமல் போகலாம் என்ற நிலை இருந்தது.

ஆகவே செட்டியாரின் பணி படமெடுப்பதைவிடத் தேடிச் சேர்ப்பதாகவே அமைந்தது. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். சுமார் 30 ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து 12,000 அடி தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய கணக்கில், ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் இரண்டேகால் மணி நேரப் படமாகச் சுருக்கப்பட்டன. செய்திப்படக்காரருக்கு அன்றைய பரபரப்பாக மட்டும் இருந்த துண்டுகள், வரிசைப்படுத்தப்பட்டபோது ஒரு வாழ்க்கை வரலாறாக மாறின.

வெளியீடு

1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் படம் வெளியானது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது, ஆட்சி ஆங்கிலேயருடையது. அந்த ஆட்சியை எதிர்த்தவரின் வாழ்க்கையைத் திரையரங்கில் காட்டுவது துணிச்சலான செயல். செய்தித்தாள் படிக்கத் தெரியாதவர்களும் காந்தி நடப்பதையும் பேசுவதையும் காண அது வழி செய்தது. தெலுங்கு வடிவமும், 1947-இல் விடுதலையையொட்டி இந்தி வடிவமும் வந்தன. 1953-இல் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது.

மறைவும் மீட்பும்

சிதறிய காட்சிகளைக் காப்பாற்றிய படமே பின்னர் காணாமல் போனது. பல ஆண்டுகள் அதன் படிகள் எங்கும் கிடைக்கவில்லை. தம் 'குமரி மலர்' இதழில் செட்டியார் எழுதிய கட்டுரைகளே படம் உருவான கதையைப் பாதுகாத்தன. அவற்றை வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாகப் பதிப்பித்தார். ஆங்கில வடிவத்தின் படியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறிந்தவரும் அவரே.

நோக்கம்

செட்டியார் அதன்பின் திரைத்துறையில் நிலைக்கவில்லை. 1943 முதல் 'குமரி மலர்' இதழை நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்துகிடந்த எழுத்துகளைத் தேடி அதில் மறுபதிப்புச் செய்தார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளையும் தொகுத்தார். படம், இதழ், தொகைநூல் என்று வடிவங்கள் மாறினாலும் அவர் செய்த வேலை ஒன்றே: அழியவிருப்பதைத் தேடிச் சேர்த்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. அதில் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை என்பதால், அவர் பெயர் அவரது பணி அளவுக்குப் பரவலாக அறியப்படவில்லை.